ஏணி அக்காவும் மஞ்சள் வட்டமும்

எங்கள் காலணிக் கடையில் அவளுக்கு ஏணி என்று பெயர். நேரில் ஏணி அக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் ஏணி. கடையின் பின்பக்கக் கிடங்கில் தரையிலிருந்து கூரை வரை இரும்பு அடுக்குகள் நிற்கும். அதிகம் பேர் கேட்காத அளவுகள் எல்லாம் மேல் அடுக்கில். அதை எடுக்க மற்றவர்களுக்கு மர ஏணி வேண்டும். அதுவோ எப்போதும் வேறு மூலையில் கிடக்கும். தேடிக் கொண்டுவருவதற்குள் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். இவள் போனால் குதிகாலைக் கொஞ்சம் தூக்குவாள், இரண்டு விரலால் பெட்டியின் முனையை இழுப்பாள், பெட்டி அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துவிடும்.

உயரம் நூற்றி எழுபத்தொரு சென்டிமீட்டர். கேட்காதவர்களிடமும் சொல்வாள். அதற்கேற்ற ஒல்லி உடம்பு. நேராக நிமிர்ந்து கடைக்குள் அவள் நடந்தால், செருப்பு பார்க்க வந்தவர்கள் அவளையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் செருப்பைப் பார்ப்பார்கள். அது அவளுக்கும் தெரியும்.

நான் பில் போடும் மேசையில் இருந்தேன். பல வருஷமாக அவளும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் மதியம் சாப்பிட்டோம். ரொட்டியில் ஓரத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு நடுவை மட்டும் சாப்பிடுவாள். அப்புறம் என் டப்பாவை எட்டிப் பார்ப்பாள். "இவ்வளவுமா? இதெல்லாம் உள்ள எங்கடி வைப்ப?" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனாலும் அன்றைக்குக் கடைசி இரண்டு வாயை அப்படியே வைத்து டப்பாவை மூடிவிடுவேன்.

எங்களுக்காவது இந்தக் கேலி மதியம் ஒருவேளைதான். அவளுடைய தங்கைக்கு அது பிறந்ததிலிருந்து.

தங்கை இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவள். உயரத்தில் அக்காவின் தோள்தான் இருப்பாள், அகலத்தில் இரண்டு அக்கா. மாவு மூட்டையை யாரையும் கூப்பிடாமல் தானே தூக்கித் தொட்டியில் கவிழ்ப்பாள். முன்கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். ஏணி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "பூசணி வந்திருக்கு பாரு" என்பாள், தங்கை காதில் விழும்படியே. தங்கை கொண்டுவந்த ரொட்டிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒருமுறை தங்கை மகளின் பிறந்தநாளை ஏணி வீட்டில் கொண்டாடினார்கள். நானும் போயிருந்தேன். தங்கையே சுட்டுக் கொண்டுவந்த கேக். எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்து, தானும் சாப்பிட்டு முடித்து, இன்னொரு துண்டை எடுக்கக் கையை நீட்டினாள்.

"ரெண்டாவதா? எங்க வீடு மூணாவது மாடிடி. தளம் தாங்க வேணாமா?" என்றாள் ஏணி.

அறையே சிரித்தது. ஏணியின் கணவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சாது, அவரும் சிரித்துவிட்டார். தங்கையின் மகள்கூடச் சிரித்தாள். தங்கை கையை மெதுவாக மடிக்குக் கொண்டுபோனாள். அன்றிலிருந்து அக்கா வீட்டில் அவள் தண்ணீர் தவிர வேறெதையும் வாயில் வைத்ததில்லை. ஏணி இதைக் கவனிக்கக்கூட இல்லை என்று நினைக்கிறேன்.

பிறகு எங்கள் கடையை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள், எங்களுக்குச் சாம்பல் நிறத்தில் சட்டையும் கால்சட்டையும் சீருடையாகக் கொடுத்தார்கள். கூடவே ஊழியர் நலத் திட்டம் என்று ஒன்றையும் கொண்டுவந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மெஷின் வரும். அதன் தட்டில் ஏறி, முதுகைத் தூணில் ஒட்டி நிற்கவேண்டும். மேலிருந்து ஒரு பலகை இறங்கி உச்சந்தலையைத் தொடும். உயரமும் எடையும் முதுகுக்குப் பின்னால் இருக்கும் திரையில் ஒரு நொடி மின்னிவிட்டுப் போய்விடும், நிற்கிறவர்களுக்குத் தெரியாது. வெளியே வரும் சீட்டில் ஒரே ஒரு எண்தான் இருக்கும். பி.எம்.ஐ. எடையை உயரத்தால் ஒருமுறை வகுத்து, வந்ததை மறுபடியும் உயரத்தால் வகுத்தால் கிடைப்பது. இதுவும் எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம் நிறம்தான். எண்ணுக்குத் தகுந்தபடி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு வட்டத்தைக் கொடுத்து, பெயர் அட்டையில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். ஒருவரை ஒருவர் ஊக்கப்படுத்திக்கொள்வதற்காம்.

முதல் வருஷம் சரக்கு இறக்குகிற ஆளுக்குச் சிவப்பு விழுந்தது. அவனை நாங்கள் லாரி என்று கூப்பிடுவோம். காலையிலிருந்து மாலை வரை பெட்டி சுமக்கிறவன், உடம்பெல்லாம் கெட்டித் தசை, கிள்ளினால் தோல்தான் கையில் வரும். "எனக்குள்ள என்ன கொழுப்பு இருக்குன்னு மெஷினுக்குத் தெரிஞ்சுபோச்சு. வாய்க்கொழுப்பையும் சேத்து எடை போட்டுடுச்சு" என்று சிரித்துவிட்டு அட்டையில் ஒட்டிக்கொண்டான். எனக்கு மஞ்சள். மேலாளர் ஒருநாள்கூட அட்டை மாட்டவில்லை, அதனால் அவர் நிறம் யாருக்கும் தெரியாது.

ஏணிக்குப் பச்சை. அதை ஒட்டிய அட்டையைச் சட்டைப்பையின் ஓரத்தில் வைக்காமல் கழுத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டாள். தங்கை அந்தப் பக்கம் வந்தபோது கூப்பிட்டுக் காட்டினாள். "பாத்தியா? உனக்கெல்லாம் இந்த மூணு நிறம் போதாது. புதுசா ஒண்ணு கண்டுபிடிக்கணும்."

அதற்கடுத்த குளிர்காலத்தில் ஒருநாள் பூட்ஸ் பெட்டிகளை அவள் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். முதுகில் 'டக்' என்று ஏதோ ஒன்று கேட்டதாகச் சொன்னாள். அப்படியே பெட்டிகள்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. மருந்துக்கடையில் தசைப்பிடிப்பு என்றார்கள். தைலம் தடவி, வாரக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் வலி குறைந்தது. வேலைக்கு ஒருநாள்கூட மட்டம் போடவில்லை.

ஆனால் மேல் அடுக்கு எட்டவில்லை. குதிகாலைத் தூக்கினாள், விரலை நீட்டினாள், பெட்டிக்கும் விரலுக்கும் நடுவே காற்றுதான் இருந்தது. "வெள்ளையடிச்சப்ப அடுக்கை ஏத்தி மாட்டிட்டானுங்க" என்றாள். நாங்களும் நம்பினோம். வெள்ளையடித்த பிறகும் அவள் அங்கிருந்து எடுத்துக்கொண்டுதானே இருந்தாள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. முதல்முறையாக அவள் மர ஏணியைத் தேடிக்கொண்டு போனதைப் பார்த்து லாரி, "ஏணிக்கே ஏணியா!" என்றான். அவள் அவனோடு பல நாள் பேசவில்லை.

கால்சட்டையும் தரையில் இழுபட ஆரம்பித்தது. ஓரத்தை மடித்துத் தைத்தாள். கொஞ்ச நாளில் மறுபடியும் மடித்துத் தைத்தாள்.

"துணி நீளுதா, இல்ல நீ குறையுறியா?" என்று கணவர் கேட்டாராம்.

"மட்டமான துணி. துவைச்சா சுருங்குறதைப் பாத்திருக்கேன், இது நீளுது" என்றாளாம்.

கணவர் அதை எங்களிடம் ஒரு ஜோக்காகத்தான் சொன்னார்.

அந்த வருஷம் மெஷின் வந்தபோது அவளுக்கு மஞ்சள் விழுந்தது. வட்டத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். மெஷினோடு வந்த பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ஏணி நகரவில்லை.

"இந்தாம்மா, இது வேற யாரோடதோ. எனக்குப் பச்சை."

"உங்களோடதுதாங்க."

"எடை ஒரு கிராம் ஏறல. வீட்ல தினமும் பாக்குறேன். அப்புறம் நிறம் மட்டும் எப்படி மாறும்?"

"எடை ஏறினாத்தான்னு இல்லைங்க. மொத்தக் கணக்குல வர்றது."

"என்ன கணக்கு?"

"மெஷின் போடுற கணக்குங்க. வயசாக ஆக கொஞ்சம் கூடத்தான் செய்யும். பால், வெண்ணெய், முட்டை எல்லாத்தையும் கம்மி பண்ணுங்க. நல்லா நடங்க. அடுத்த வருஷம் பச்சையாயிடும்."

அந்தப் பெண்மேல் தப்பில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவள் சொன்னாள். அவள் திரையில் உயரம் மின்னியது. போன வருஷம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஏணி அன்று மதியம் ரொட்டியின் நடுவையும் சாப்பிடவில்லை. கழிவறைக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று வயிற்றைப் பார்த்தாள். உண்மையிலேயே வயிறு தள்ளியிருந்தது. கையும் காலும் குச்சியாகவே இருக்க, வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. "பாத்தியாடி, மெஷின் பொய் சொல்லல. இவ்வளவு நாள் எங்கடி ஒளிஞ்சிருந்துச்சு இது?" என்று என்னிடம் கேட்டாள். அவள் குரலில் அப்படி ஒரு அருவருப்பை அதுவரை தன்னைப் பற்றிச் சொல்லும்போது நான் கேட்டதில்லை. மற்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது கேட்டிருக்கிறேன்.

பாலை நிறுத்தினாள். முட்டை, பாலாடைக்கட்டி, மீன் எல்லாவற்றையும் நிறுத்தினாள். காலையில் வெறும் காபி, மதியம் ஒரு வெள்ளரிக்காய், சாயங்காலம் காய்கறி வேகவைத்த தண்ணீர். பசித்தால் தண்ணீர் குடித்தாள். ரொம்பப் பசித்தால் கோபப்பட்டாள். கணவர் அந்தக் காலத்தில் சமையலறையில் நின்றபடியே சத்தமில்லாமல் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

எடை இறங்கியது. அறுபத்தாறிலிருந்து அறுபதுக்கு வந்தாள். கன்னம் ஒட்டிப்போனது, கழுத்து எலும்பு துருத்தியது. கடைக்கு வருகிற பழைய வாடிக்கையாளர்கள், "என்னங்க, இன்னும் இளைச்சிட்டீங்க! உங்களைப் பாத்தா பொறாமையா இருக்கு" என்றார்கள். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க முடியாது.

தங்கை ஒருத்திதான் வேறுமாதிரி சொன்னாள். ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுக்க வந்தவள், அக்கா கிடங்கிலிருந்து நடந்து வருவதைப் பார்த்துவிட்டு என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, நீ ஏன் இப்படிக் கூனுற?"

"யாரு கூனுறா?"

"முன்ன எல்லாம் உன் முகத்தைப் பாக்கணும்னா எனக்குக் கழுத்து வலிக்கும். இப்ப நேரா தெரியுது. டாக்டரைப் போய்ப் பாரேன்."

"நான் மெலிஞ்சது உனக்குப் பொறுக்கல. உன்னால முடியல, அந்த வயித்தெரிச்சல் உனக்கு. போ, போய் மாவைப் பிசை."

கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். தங்கையின் முகம் சிவந்தது. பொட்டலத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் ரொட்டியும் வரவில்லை, அவளும் வரவில்லை.

அடுத்த முறை மெஷின் வந்தபோது ஏணி முதல் ஆளாய்ப் போய் நின்றாள். முந்தின நாளே சாப்பாட்டை விட்டிருந்தாள், காலையில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. செருப்பைக் கழற்றி, கைக்கடிகாரத்தைக் கழற்றி, தலையிலிருந்த கிளிப்பைக்கூட எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தட்டில் ஏறினாள்.

சீட்டு வந்தது. மஞ்சள்.

ஆறு கிலோவைப் பட்டினி கிடந்து இறக்கியவளுக்கு மறுபடியும் அதே மஞ்சள். அவள் கத்தவில்லை. "இன்னொரு தடவை பாரும்மா" என்றாள். இன்னொரு தடவையும் மஞ்சள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று அவள் கெஞ்சியதை வரிசையில் நின்ற எல்லோரும் கேட்டார்கள். லாரி தலையைக் குனிந்துகொண்டான்.

கணக்கு இப்போது எனக்குத் தெரியும். ஒரு காகிதத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். எடை ஒரு பக்கம் இறங்க இறங்க, உயரமும் இன்னொரு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் சேர்ந்து குறைந்தால் எண் எங்கே இறங்கும்? அதிலும் உயரத்தால் இரண்டு முறை வகுக்கிறார்கள். அவள் ஒரு கிலோவைக் கஷ்டப்பட்டுக் குறைத்தால், உடம்பு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகக் குறைத்து அதை அழித்துவிடும்.

அந்த வருஷம் மெஷினோடு நிறுவனத்தின் டாக்டரும் வந்திருந்தார், இளம் வயதுக்காரர். அவளை நிற்கவைத்துப் பக்கவாட்டில் பார்த்தார்.

"எடை பரவாயில்ல. பிரச்சினை வயித்துலதான். வயித்துக் கொழுப்புதான் ஆபத்து. படுத்துக்கிட்டு எழுந்து உட்கார்ற பயிற்சி இருக்குல்ல? அதைத் தினமும் பண்ணுங்க."

"முதுகு வலிக்குது டாக்டர்."

"வயிறு குறைஞ்சா முதுகுவலி தானா போயிடும்."

கடை திறப்பதற்குமுன் கிடங்கில் ஒரு பாயை விரித்து அவள் அந்தப் பயிற்சியைச் செய்வாள். கையைத் தலைக்குப் பின்னால் கோத்து, முன்னால் வளைந்து, முழங்காலைத் தொட்டு, மறுபடி படுத்து. ஒவ்வொரு முறை எழும்போதும் மூச்சை இழுத்துப் பிடித்து முனகுகிற சத்தம் பில் மேசை வரை கேட்கும். எழுந்து வரும்போது உதடு வெளுத்திருக்கும். "வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பாள்.

விழுந்தது ஒரு சாதாரண நாளில்தான். ஒருவர் பூட்ஸ் போட்டுப் பார்த்தார், இறுக்கம், கழற்ற வரவில்லை. ஏணி அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குதிகாலைப் பிடித்து இழுத்தாள். பூட்ஸ் சட்டென்று கையோடு வந்துவிட்டது, இவள் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். ஒரு சாண் உயரம்கூட இருக்காது. வாடிக்கையாளர் சிரித்தார், அவளும் சிரிக்கப் போனாள். அந்தச் சிரிப்பு வாயைத் திறந்தபடி அப்படியே நின்றது. அப்புறம் அவள் கத்திய கத்தலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. லாரிதான் தூக்கி ஆம்புலன்ஸில் வைத்தான். கணவருக்கும் தங்கைக்கும் நான் போன் பண்ணினேன். தங்கை கையில் மாவு காயாமல் அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள்.

எலும்பு டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி, நிதானமாகப் பேசுகிறவர். ஆபரேஷனுக்கு முன்னால் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார்.

"உயரம் எவ்வளவும்மா?"

"நூத்தி எழுபத்தொண்ணு."

டாக்டர் கட்டிலைப் பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டு, படுத்த நிலையிலேயே டேப்பை வைத்துத் தலையிலிருந்து குதிகால் வரை அளக்கச் சொன்னார்.

"நூத்தி ஐம்பத்தஞ்சுகூட இல்லையேம்மா."

"தப்பா அளக்குறீங்க. வருஷா வருஷம் மெஷின்ல அளக்குறாங்க. என் உயரம் எனக்குத் தெரியாதா?" அந்த வலியிலும் சண்டைக்கு நின்றாள்.

டாக்டர் முதுகுக்கும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். எனக்கே புரிந்தது. கிடங்கில் பெட்டிகளை அளவுக்குமேல் அடுக்கினால் நடுவில் இருக்கிற சில பெட்டிகள் ஒருபக்கமாக நசுங்கி ஆப்பு மாதிரி ஆகிவிடும். அவள் முதுகெலும்பு அப்படித்தான் இருந்தது.

"இதெல்லாம் இன்னைக்கு உடைஞ்சதில்ல. ஒவ்வொண்ணா, பல வருஷமா உடைஞ்சிருக்கு. எலும்பு உள்ளுக்குள்ள அரிச்சுப்போய் பஞ்சா இருக்கு. மாதவிடாய் எப்ப நின்னுச்சு?"

"நாப்பத்திரெண்டுல" என்று தங்கை சொன்னாள்.

"சீக்கிரம். அது நின்னா எலும்பு வேகமா கரையும், அப்பவே பாத்திருக்கணும். வயிறு தள்ளுதுன்னு சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க" என்றார் கணவர். "கொழுப்புன்னு சொன்னாங்க. பட்டினி கிடந்தா. பாலையும் நிறுத்திட்டா. குனிஞ்சு நிமிர்ற பயிற்சி கொடுத்தாங்க, அதையும் பண்ணினா."

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "முதுகு நசுங்கி நெஞ்சுக்கூடு கீழ இறங்கினா குடல் எங்க போகும்? முன்னாலதான் வரும். அது கொழுப்பில்ல. முன்னால வளையுற அந்தப் பயிற்சி இந்த எலும்பை இன்னும் நசுக்கியிருக்கும்" என்றார்.

தங்கைதான் கேட்டாள். "வருஷா வருஷம் நிக்கவச்சு அளந்தாங்களே டாக்டர். ஒரு மனுஷி குட்டையாயிட்டே வர்றா. ஒருத்தர் கண்ணுலயுமா படல?"

"அந்த நம்பருக்குள்ள உயரமும் இருக்கும்மா. ஆனா உள்ள போனப்புறம் வெளிய தெரியாது. கூட்டம் கூட்டமா ஆயிரக்கணக்கான பேரைப் பாக்குறதுக்கு வச்ச கணக்கு அது. ஒரு ஆளைப் பாக்கணும்னா, ஆளைத்தான் பாக்கணும்."

ஏணி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள் கழித்துக் கணவர் கடைக்கு வந்து மேலாளரைப் பார்த்தார். அப்படி அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. மேலாளர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "எங்களுக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அது ஒரு வழிகாட்டிதாங்க. சந்தேகம் இருந்தா சொந்த டாக்டரைப் பாருங்கன்னு சுவர்ல ஒட்டியிருக்கோமே" என்றார். ஒட்டித்தான் இருந்தார்கள், மெஷின் வந்து நின்றால் மறைந்துவிடும் இடத்தில். கணவர் அதைப் படித்துவிட்டு இறங்கிப் போனார். அவரைப் போன்றவர்களுக்கு இரண்டாவது முறை சத்தம் போட வராது.

மூன்றாவது மாடிக்கு ஏணியால் ஏற முடியாது. தங்கையின் வீடு தரைத்தளம். தங்கைதான், "இங்க வந்து இருக்கட்டும்" என்றாள். கணவன் மனைவி இருவரும் முன்னறைக்குக் குடிவந்தார்கள். விடியுமுன் பேக்கரிக்குப் போகும்முன்பே தங்கை அக்காவைக் கட்டிலிலிருந்து தூக்கிக் கழிவறைக்குக் கொண்டுபோவாள். கணவரால் முடியாது, அவருக்குக் கை நடுங்கும். "ரெண்டு கையையும் என் கழுத்துல போடு" என்பாள் தங்கை. ஒரு மாவு மூட்டையை எடுக்கிற லாவகம் அதில் இருக்கும். மாவு மூட்டைக்குக் காட்டுகிற முகம்தான் அக்காவுக்கும்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். தங்கை அடுப்படியில் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"குடும்பத்துல இருக்குமாம், எனக்கும் எலும்பைப் பாத்துடுங்கன்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க. பாத்தேன். நல்லா கெட்டியா இருக்காம். கனத்தைச் சுமந்தே பழகின எலும்பாம். ஆனா முட்டி தேய்ஞ்சுபோச்சு. அது பத்து வருஷமா வலிக்குது. எந்த டாக்டர்கிட்ட போனாலும், உள்ள நுழையும்போதே 'எடையைக் குறைங்க'ன்னுதான் சொல்வாங்க. இந்தம்மாதான் முதல்ல முட்டியைத் தொட்டுப் பாத்தாங்க." பாத்திரத்தை அழுத்தித் தேய்த்தாள். "என்னைப் பாத்ததும் வியாதின்னாங்க. அவளைப் பாத்ததும் ஆரோக்கியம்னாங்க. ரெண்டு பேரையும் யாரும் பாக்கல."

"அக்கா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"மன்னிப்பா? ஒருநாள் ஆரம்பிச்சா. 'நான் உன்னை...'ன்னு. வேணாம்கா, எனக்கு வேலைக்கு நேரமாச்சுன்னு போயிட்டேன். கேட்டா நான் மன்னிக்கணும்ல? அவ்வளவு தெம்பு எனக்கு இல்ல. தூக்குறதுக்கு மட்டும்தான் இருக்கு."

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் உட்கார்ந்தோம். தங்கை இரண்டாவது ரொட்டித் துண்டை எடுத்து வெண்ணெய் தடவினாள். ஏணியின் கண் அந்தக் கத்தியோடு போய்க் கத்தியோடு வந்தது. வாய் லேசாகத் திறந்து மூடியது.  அவள் பார்த்ததை மேசையில் இருந்த எல்லோரும் பார்த்தோம். தங்கை தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடி சாப்பிட்டு முடித்தாள்.

எலும்புக்கு ஊசி போடுகிறார்கள். இன்னும் உடையாமல் காக்கும், போன உயரம் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுபடி பால் குடிக்கிறாள், மருந்தைக் குடிப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு. கடையில் அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். மெஷின் போன மாதம்கூட வந்துவிட்டுப் போனது. எனக்கு மறுபடியும் மஞ்சள். லாரி மட்டும் இந்த முறை வட்டத்தை ஒட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

போன வாரம் ஏணி முதல்முறையாகத் தெருவுக்கு வந்தாள். முன்னால் நான்கு கால் வைத்த நடைச்சட்டம், பக்கத்தில் தங்கை. வளைந்த முதுகோடு தரையைப் பார்த்தபடி ஒவ்வொரு அடியாக நடந்து தெருமுனை வரை போயிருக்கிறார்கள். அங்கே பழைய வீட்டுப் பக்கத்தில் குடியிருந்த ஒரு அம்மா எதிரே வந்தாள். ஒரு வருஷத்துக்குமேல் பார்க்காதவள். நின்று, ஏணியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அடடே, எவ்வளவு மெலிஞ்சிட்டீங்க! நான் என்னென்னவோ பண்ணிப் பாக்குறேன், ஒரு கிலோ இறங்க மாட்டேங்குது. என்ன பண்ணினீங்க, எனக்கும் சொல்லுங்களேன்" என்றாளாம்.

தங்கை அந்த அம்மாவுக்கு நறுக்கென்று ஒரு பதில் கொடுக்க வாயைத் திறந்தாளாம். அதற்குள் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"தரையைப் பாத்துட்டிருந்தவ கழுத்தைக் கஷ்டப்பட்டு நிமித்தினா" என்று தங்கை என்னிடம் சொன்னாள். "அப்புறம் சிரிச்சா. நிஜமாவே சந்தோஷமா சிரிச்சா. அதுக்கு மேல நான் யாருகிட்டபோய் என்னத்தைச் சொல்ல?"